வீடு திரும்பிய பின் பாலூட்டல்

வீடு திரும்பிய பின் பாலூட்டல் என்பது, மகப்பேறு முடிந்து மருத்துவமனையிலிருந்து வீடு சென்ற தாய் தன் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுக்கிறாரா, புட்டிப்பாலும் சேர்த்துக் கொடுக்கிறாரா, தாய்ப்பாலை நிறுத்திவிடுகிறாரா என்பதைக் குறிக்கும். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதுமானது என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. 2019-21 காலத்து ஐந்தாம் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் பெற்றோர் இந்தியாவில் 63.7 விழுக்காடு, தமிழ்நாட்டில் 55.1 விழுக்காடு. ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் மருத்துவமனையிலேயே நிகழும் தமிழ்நாடு நாட்டுச் சராசரிக்கும் கீழே நிற்பது கவனிக்கத்தக்கது.

பால் சுரக்கும் காலம்

பேறு முடிந்த முதல் நாட்களில் சீம்பால் சிறிதளவே சுரக்கும். பால் பெருகுவது பொதுவாக இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் ஆகும். இயல்பான பேறு கண்ட தாய் பெரும்பாலும் இதே நாட்களில்தான் வீட்டிற்கு அனுப்பப்படுகிறார். ஆகவே மார்பு கட்டிக்கொள்வது, காம்பில் புண், குழந்தை சரியாகப் பற்றாமை ஆகிய தொல்லைகள் செவிலியர் அருகில் இல்லாத வேளையில் தொடங்குகின்றன. அறுவைப் பேற்றில் பால் பெருகுவது மேலும் தாமதமாகலாம். தமிழ்நாட்டில் இப்பேறுகள் அதே ஆய்வில் 44.9 விழுக்காடாக இருந்தன.

பால் போதவில்லை என்ற எண்ணம்

தாய்ப்பாலைக் குறைப்பதற்கும் நிறுத்துவதற்கும் தாய்மார் கூறும் முதன்மையான காரணங்களுள் ஒன்று இது. உண்மையிலேயே பால் போதாத தாய்மாரும் உண்டு; எனினும் பலருக்கு இது குழந்தையின் அழுகையிலிருந்து எழும் ஐயமே. பச்சிளங்குழந்தை அடிக்கடி பால் கேட்பதும், முதல் வாரத்தில் எடை சற்றுக் குறைவதும் இயல்பு. குறைந்த எடை பொதுவாக இரண்டு வாரங்களுக்குள் திரும்பிவிடும். திரும்பாவிடின் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதல் வாரத்திற்குப் பின் நாளுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிப்பது பால் போதுமென்பதற்கு அடையாளம்.

ஐயத்தினால் ஒரு வேளை புட்டிப்பால் கொடுத்தால், அவ்வேளை குழந்தை மார்பை உறிஞ்சுவதில்லை. உறிஞ்சுதல் குறையச் சுரப்பும் குறையும். பின்னர் போதாமை மெய்யாகிவிடும்.

வீட்டுப் பெரியவர்கள்

தலைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் வழக்கமுள்ள குடும்பங்களில் பாட்டியின் சொல்லே பெரும்பாலும் முடிவாகிறது. தாய்க்கு ஓய்வும் பூண்டு, பால்சுறா முதலிய உணவும் கிடைப்பது இதன் நன்மை. அவ்வுணவு சுரப்பைப் பெருக்கும் என்பது உறுதிப்படவில்லை. ஆயினும் உண்ட தாய் நலமாக இருப்பார். சேனை வைத்தல் என்ற பெயரில் தேனோ சர்க்கரை நீரோ புகட்டுவது தீங்கானது. தேனால் பச்சிளங்குழந்தைக்குக் கடுமையான நச்சுநோய் ஏற்படக்கூடும்.

பால்மா விற்பனை

பால்மா நிறுவனங்கள் மருத்துவமனைகள் வழியாக இலவச மாதிரிகள் வழங்கி வந்ததற்கு எதிராக 1981-இல் உலக சுகாதாரப் பேரவை ஒரு விற்பனை நெறியை ஏற்றது. அமெரிக்கா மட்டுமே எதிர்த்து வாக்களித்தது. இந்தியா 1992-இல் இதற்கெனச் சட்டம் இயற்றி 2003-இல் திருத்தியது. விளம்பரமும் இலவச மாதிரியும் இதனால் தடை செய்யப்பட்டன; பால்மா டப்பாவில் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருத்தலாகாது. மருத்துவரின் பரிந்துரைச் சீட்டில் எழுதப்படும் பால்மாவின் பெயர், எந்த விளம்பரத்தையும் விட வலியது.

பெலருஸ் ஆய்வு

மருத்துவமனையின் நடைமுறை பின்னாளில் எவ்வளவு தாக்கம் செலுத்தும் என்பதை அளந்த பேராய்வு பெலருசில் நடைபெற்றது. 1996-97-இல் 31 மருத்துவமனைகளில் பாலூட்டத் தொடங்கிய தாய்மாரின் 17,046 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். குழந்தை நேய மருத்துவமனை முறையைப் பின்பற்றிய இடங்களில் மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் பெற்றோர் 43.3 விழுக்காடு, மற்ற இடங்களில் 6.4 விழுக்காடு. அந்நாட்டுத் தாய்மாருக்கு மூன்றாண்டு வரை விடுப்பு உண்டு என்பதால் வேலைக்குத் திரும்பும் நெருக்கடி அங்கு குறுக்கிடவில்லை.

வேலையும் விடுப்பும்

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் மகப்பேறு விடுப்பை, முதல் இரு குழந்தைகளுக்கு, 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. இது ஆறு மாதப் பரிந்துரையுடன் பொருந்துகிறது. ஆனால் வயல்வேலை, கட்டட வேலை, வீட்டுவேலை செய்யும் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு இவ்விடுப்பு கிடைப்பதில்லை. கூலி நின்றுவிடுமென்று அவர்கள் சில வாரங்களிலேயே வேலைக்குத் திரும்ப நேர்கிறது.