மேசையில் இடமில்லாதவர்கள்

பலஸ்தீனத்தில் நிலைத்த சமாதானம் சாத்தியமா என்ற கேள்வியை மாத்தளை மாவட்டத்திலிருந்து யோசிக்கும்போது எனக்கு முதலில் தம்புள்ளைதான் நினைவுக்கு வருகிறது. 2012 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை. தம்புள்ளை ஹைரியா பள்ளிவாசல் புனித பூமிக்குள் இருக்கிறது என்று கூறி, பிக்குகள் தலைமையில் திரண்டு வந்த கூட்டம் அதைத் தாக்கியது. ஜும்ஆ நடைபெறவில்லை. சில நாட்களுக்குள் அதனை வேறிடத்துக்கு மாற்றும்படி பிரதமர் டி. எம். ஜயரத்ன உத்தரவிட்டார். முஸ்லிம் தலைவர்கள் அதை ஏற்க மறுத்தனர். 2013 ஒக்டோபரில் அதே புனித பூமியின் பெயரால் தமிழர்களின் பத்திரகாளி அம்மன் கோயில் இடிக்கப்பட்டது. இரண்டிலும் பாதிக்கப்பட்டவன் தீர்வைக் கேள்விப்படுபவனாகவே இருந்தான், தீர்மானிப்பவனாக இருக்கவில்லை.

நமது தேசியப் பிரச்சினையின் வரலாறும் இதுதான். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஆனால் 2002 பெப்ரவரி 22இன் போர்நிறுத்த உடன்படிக்கையில் ஒப்பமிட்டவை அரசும் புலிகளும் மாத்திரமே. அந்த ஏப்ரலில் ரவூப் ஹக்கீம் கிளிநொச்சியில் பிரபாகரனைச் சந்தித்து ஓர் இணக்கத்துக்கு வந்தார் என்பது உண்மையே. எனினும் பின்னர் நடந்த பேச்சுவார்த்தைகளில் அவர் அமர்ந்தது அரசாங்கக் குழுவில். முஸ்லிம்களின் தனித்தரப்பாக அல்ல. 2005 ஜூனில் சுனாமி மீள்கட்டமைப்புப் பொதுக்கட்டமைப்பிலும் அரசும் புலிகளுமே ஒப்பமிட்டனர். சுனாமி மிக மோசமாகத் தாக்கிய ஊர்களுள் கல்முனையும் மருதமுனையும் இருந்தன என்பதை இங்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

இனிப் பலஸ்தீனத்தைப் பாருங்கள். 1978 செப்டெம்பரில் கேம்ப் டேவிட்டில் மேற்குக்கரைக்கும் காஸாவுக்கும் சுயாட்சி வரைந்தவர்கள் சதாத்தும் பெகினும் கார்ட்டரும். பலஸ்தீனர் ஒருவர்கூட அங்கு இல்லை. 1993இல் ஒஸ்லோவில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. ஆனால் ஜெரூசலம், அகதிகள், எல்லைகள், குடியேற்றங்கள் யாவும் பிற்காலத்துக்கு ஒத்திவைக்கப்பட்டன. அப்போது மேற்குக்கரையில் ஓர் இலட்சத்துச் சொச்சமாயிருந்த குடியேறிகள் பின்னர் ஐந்து இலட்சத்தைத் தாண்டினர். ஒத்திவைப்பு என்பது பலமுள்ளவனுக்குக் கொடுக்கும் அவகாசம். 2020இல் ஆபிரகாம் உடன்படிக்கைகளில் பலஸ்தீனர் மீண்டும் வெளியே நின்றனர்.

2023 ஒக்டோபர் 7இல் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். அதன்பின் காஸாவில் இறந்தோர் 70,000ஐத் தாண்டினர் என அங்குள்ள சுகாதார அமைச்சு கணக்கிட்டது. 2025 ஒக்டோபரில் போர்நிறுத்தம் வந்தது. நவம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை 2803ஆம் தீர்மானத்தின் மூலம் அமெரிக்க ஜனாதிபதி தலைமையிலான சமாதான சபைக்கு அங்கீகாரம் அளித்தது. காஸாவின் அன்றாட நிர்வாகம் பலஸ்தீன நிபுணர் குழுவுக்கு, மேற்பார்வை அச்சபைக்கு. மீண்டும் ஒரு ஜனசமூகத்தின் தலைவிதி அவர்களுக்கு மேலே எழுதப்படுகிறது என்றே நான் கருதுகிறேன்.

இஸ்ரேலியனின் அச்சத்துக்கும் அந்த மேசையில் பதில் வேண்டும். அவனுக்குப் பாதுகாப்பில்லாத தீர்வும் நிலைக்காது. ஆனால் பலஸ்தீனரைச் சமதையான தரப்பாக அமர்த்தாமல், அகதிகளையும் ஜெரூசலத்தையும் பேசாமல் எழுதப்படும் எதுவும் போர்நிறுத்தமாகவே இருக்கும். மேசைக்கு வெளியே நிறுத்தப்பட்ட சமூகம் என்ற வகையில் நாம் இதைச் சொல்லத் தகுதியுடையவர்கள். அதே காரணத்தால், நாம் அமரும் மேசைகளில் நம்மைவிடச் சிறிய தரப்புக்கும் ஓர் ஆசனம் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.