நீல பட்டனின் கதை

இருட்டில்கூட உங்கள் வீட்டு மிக்ஸியின் குமிழைத் திருகிவிடலாம். புதிதாக வாங்கிய இண்டக்‌ஷன் அடுப்பை? விரல் எங்கே போனாலும் ஒரே வழவழப்பு! 'பட்டனெல்லாம் பழசு, தொட்டாலே போதும்' என்கிற இந்தக் காலத்தில், ஒரு பட்டனின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா?

திண்டுக்கல் பக்கத்தில், சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது காந்திகிராமம். கணவர் ஜி.ராமச்சந்திரனோடு சேர்ந்து 1947-ல் அதை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம், 1952 தேர்தலில் ஆத்தூர் தொகுதியில் ஜெயித்து சட்டசபைக்குப் போனார். அப்போது ஓட்டுப் போட்டது எப்படித் தெரியுமா? வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல் சின்னம். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான்! அதே சௌந்தரம் 1962-ல் திண்டுக்கல் எம்.பி. ஆனபோது, சீட்டில் முத்திரை குத்தும் முறை வந்திருந்தது. இரண்டிலுமே பார்வையற்றவர் பாடு திண்டாட்டம்தான். இன்னொருவர் கண்ணை நம்பியாக வேண்டும். ரகசிய ஓட்டு? அது போச்சு!

பிறகு வந்தது மெஷின். 1982-ல் கேரளாவின் பரவூரில், 50 வாக்குச்சாவடிகளில் முதல் சோதனை. அதன் வடிவமைப்பில் பெரும் பங்கு வகித்தவர், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த நம்ம எழுத்தாளர் சுஜாதா! 2001 சட்டசபைத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க மெஷின்தான். நீல பட்டனை அழுத்தினால் உள்ளே போகும், சிவப்பு விளக்கு எரியும், 'பீப்' என்று சத்தம் வரும். விரல், கண், காது மூன்றுக்கும் பதில் கிடைத்துவிடுகிறது. பிற்பாடு பட்டன் பக்கத்திலேயே பிரெயில் எண்களும் வந்தன. பிரெயில் தெரிந்தவர் தடவிப் பார்த்து, தானே அழுத்தலாம். பக்கத்தில் யாரும் வேண்டாம்!

பணக்கார அமெரிக்கா என்ன செய்தது? பல ஊர்களில் தொடுதிரை மெஷின் வைத்தது. 2006-ல் ஃப்ளோரிடாவின் சரசோட்டாவில் சுமார் 18,000 பேரின் ஓட்டு ஒரு முக்கியப் போட்டியில் பதிவாகவே இல்லை. வெற்றி வித்தியாசமோ வெறும் 369! திரையின் அமைப்பே சரியில்லை என்றார்கள் சிலர். மெஷின் கோளாறு என்றார்கள் சிலர். மறு வருடமே சட்டம் போட்டு, காகிதச் சீட்டுக்குத் திரும்பியது ஃப்ளோரிடா.

கார்களிலும் இதே கதைதான். ஹாரன், வைப்பர், இண்டிகேட்டருக்கெல்லாம் நிஜமான பட்டனோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு அமைப்பான யூரோ என்கேப் 2026-லிருந்து விதி வைத்திருக்கிறது. சாலையைப் பார்க்க வேண்டிய கண்ணுக்குத் திரையில் என்ன வேலை?

அடுத்த முறை கடைக்குப் போனால் ஒன்று செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பொருளைத் தடவிப் பாருங்கள். விரலுக்கு ஏதாவது தட்டுப்படுகிறதா? இல்லையென்றால், வீட்டிலிருக்கும் பாட்டியை நினைத்துக்கொண்டு, இன்னொரு மாடல் காட்டச் சொல்லுங்கள்!