பல்லீறு நோய்

பல்லீறு நோய் என்பது பற்களைத் தாங்கி நிற்கும் ஈறு, இணைப்பு நார்கள், தாடை எலும்பு ஆகியவற்றைத் தாக்கும் அழற்சி நோய்களின் பொதுப்பெயர் ஆகும். இலங்கைத் தமிழ் வழக்கில் ஈறு "முரசு" எனப்படுகிறது. இந்நோய் இரு முதன்மை நிலைகளைக் கொண்டது. ஈறு மட்டும் பாதிக்கப்படும் முதல் நிலை பல்லீறு அழற்சி (ஜிஞ்சிவைட்டிஸ்) எனவும், எலும்பும் இணைப்பு நார்களும் அழியும் அடுத்த நிலை பல்சூழ் திசு அழற்சி (பெரியோடான்டைட்டிஸ்) எனவும் அழைக்கப்படுகின்றன. முதல் நிலை முழுமையாகக் குணமாகக் கூடியது. இரண்டாம் நிலையை நிறுத்த முடியும்; ஆனால் அழிந்த எலும்பு தானாக மீண்டும் வளர்வதில்லை.

இந்நோய் பெரும்பாலும் வலியின்றி வளர்கிறது. எனவே பல் துலக்கும்போது ஈறில் தோன்றும் இரத்தக் கசிவே பலருக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை ஆகும். உலக சுகாதார அமைப்பு 2022 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 19% பேர், அதாவது 100 கோடிக்கும் மேற்பட்டோர், கடுமையான பல்சூழ் திசு நோயால் பாதிக்கப்பட்டுள்ளனர்.

பல்லைத் தாங்கும் அமைப்பு

பல்லின் வேர் தாடை எலும்பில் உள்ள குழியில் பொருந்தியிருக்கிறது. வேருக்கும் எலும்புக்கும் இடையே நுண்ணிய நார்கள் உள்ளன. இவை பல்லை எலும்புடன் பிணைப்பதுடன் மெல்லும்போது ஏற்படும் அழுத்தத்தையும் தாங்குகின்றன. எலும்பின் மேல் ஈறு போர்த்தியிருக்கிறது. ஈறின் விளிம்புக்கும் பல்லுக்கும் இடையே ஓர் ஆழமற்ற இடுக்கு உண்டு. நலமான வாயில் இதன் ஆழம் பொதுவாக 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். பல்லீறு நோய் இந்த இடுக்கிலேயே தொடங்குகிறது.

நோய் உருவாகும் விதம்

துலக்கிய பல்லின் மேல் சில மணி நேரத்திலேயே பாக்டீரியாக்கள் ஒட்டத் தொடங்குகின்றன. இவை பெருகி உருவாக்கும் மென்மையான, ஒட்டும் தன்மையுள்ள படிவு பற்படலம் எனப்படுகிறது. நாள்தோறும் அகற்றப்படாத பற்படலத்தில் உமிழ்நீரில் உள்ள கால்சியம், பாசுப்பேட்டு ஆகிய உப்புகள் படிந்து அது கடினமாகிறது. இதுவே பற்காரை ஆகும். உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் அருகில் இருப்பதால் கீழ்த்தாடை முன்பற்களின் உட்புறத்திலும், மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் கன்னப்புறத்திலும் பற்காரை மிகுதியாகக் காணப்படும். பற்காரையைப் பல் துலக்கியால் அகற்ற இயலாது. அதன் சொரசொரப்பான மேற்பரப்பில் மேலும் பற்படலம் தங்குகிறது.

பாக்டீரியாக்களின் நச்சுப் பொருட்களுக்கு எதிராக உடல் இரத்த ஓட்டத்தை அதிகரித்து வெள்ளை அணுக்களை அனுப்புகிறது. இதனால் ஈறு சிவந்து வீங்குகிறது. எளிதில் இரத்தம் கசிகிறது. அழற்சி நீடித்தால் ஈறு பல்லிலிருந்து பிரிந்து இடுக்கு ஆழமாகிறது. இவ்வாறு ஆழமான இடுக்கு ஈற்றுப் பை எனப்படும். இதனுள் உயிர்வளி குறைவாக இருப்பதால் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற, உயிர்வளி தேவைப்படாத பாக்டீரியாக்கள் செழிக்கின்றன. எலும்பு அழிவதற்குப் பாக்டீரியாக்கள் மட்டும் காரணமல்ல. அவற்றை எதிர்க்கும் உடலின் நீடித்த அழற்சியே எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டுகிறது.

பற்படலமே பல்லீறு அழற்சிக்குக் காரணம் என்பதை நோர்வேயில் பிறந்த பல் மருத்துவ அறிஞர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1965 இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. டென்மார்க்கில் நடந்த இவ்வாய்வில் நலமான ஈறுகளைக் கொண்ட 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். ஏறத்தாழ 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் பல்லீறு அழற்சி ஏற்பட்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியபின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின.

இலங்கைத் தேயிலைத் தோட்ட ஆய்வு

சிகிச்சையே இல்லாவிடில் இந்நோய் எவ்வாறு வளரும் என்பதை அறிய லோவின் குழுவினர் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 1970 இல் ஒரு நீண்டகால ஆய்வைத் தொடங்கினர். வழக்கமான வாய்த் தூய்மை முறைகளையும் பல் மருத்துவ வசதியையும் பெற்றிராத 480 ஆண் தொழிலாளர்கள் இதில் இடம்பெற்றனர். 15 ஆண்டுக்கால முடிவுகள் 1986 இல் வெளியாயின.

அத்தொழிலாளர்களின் பற்களில் பற்படலமும் பற்காரையும் மிகுந்திருந்தன. ஏறத்தாழ அனைவருக்கும் ஈறு அழற்சி இருந்தது. ஆயினும் நோயின் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபட்டது.

* 8% பேருக்கு நோய் விரைவாக வளர்ந்தது. 45 வயதளவில் இவர்களுடைய ஈறிணைப்பு இழப்பு சராசரியாக 13 மில்லிமீட்டர் அளவை எட்டியது.
* 81% பேருக்கு மிதமான வேகத்தில் வளர்ந்தது. அதே வயதில் இழப்பு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர்.
* 11% பேருக்கு ஈறு அழற்சிக்கு மேல் நோய் வளரவில்லை.

பற்படலம் நோய்க்கு அடிப்படை என்றாலும், எலும்பு இழப்பின் அளவை ஒருவருடைய உடலின் எதிர்வினையும் தீர்மானிக்கிறது என்பதை இம்முடிவுகள் உணர்த்தின. யார் எந்தப் பிரிவில் அடங்குவர் என்பதைக் கண்ணாடியில் பார்த்து அறிய இயலாது என்பதால் அனைவருக்கும் பரிசோதனை தேவைப்படுகிறது.

நோயை மிகுவிக்கும் காரணிகள்

* புகையிலை: புகைபிடிப்போருக்கு எலும்பு இழப்பு விரைவாக நிகழ்கிறது; சிகிச்சையின் பயனும் குறைகிறது. புகைபிடித்தல் ஈறின் இரத்தக் கசிவைக் குறைத்துக் காட்டுவதால் நோய் மறைந்தே வளரும்.
* நீரிழிவு: கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு பல்லீறு நோயைக் கடுமையாக்குகிறது. கடுமையான ஈறு நோயும் இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று, நான்கு மாதங்களில் எச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 விழுக்காட்டுப் புள்ளி அளவுக்குக் குறைவதாக ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டுகின்றன.
* இயக்குநீர் மாற்றங்கள்: பூப்பெய்தும் பருவத்திலும் கருவுற்ற காலத்திலும் சிறிதளவு பற்படலத்திற்கே ஈறு மிகுதியாக வீங்கலாம்.
* மருந்துகள்: வலிப்பு நோய்க்கான ஃபெனிடோயின், இரத்த அழுத்தத்திற்கான நிஃபெடிபின், உறுப்பு மாற்றத்திற்குப் பின் தரப்படும் சைக்ளோஸ்போரின் ஆகியவை சிலருக்கு ஈறு தடிப்பை உண்டாக்குகின்றன. இம்மருந்துகளை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது.
* பிற: மரபுக் கூறுகள், உயிர்ச்சத்து சி குறைபாடு, வாய் உலர்தல், ஒழுங்கற்ற பல்வரிசை, சரியாகப் பொருந்தாத செயற்கைப் பல் உறைகள்.

அறிகுறிகள்

நலமான ஈறு உறுதியாக இருக்கும். துலக்கும்போது இரத்தம் கசியாது. இளஞ்சிவப்பு நிறம் பொதுவானது என்றாலும், கருநிறத் தோல் உடையோரில் நலமான ஈறும் பழுப்பாகவோ கருமையாகவோ இருக்கலாம். ஆகவே நிறத்தை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல் நிற மாற்றத்தையும் வீக்கத்தையும் இரத்தக் கசிவையும் கவனிக்க வேண்டும்.

தொடக்க நிலை அறிகுறிகள்:

* துலக்கும்போதோ கடினமான உணவைக் கடிக்கும்போதோ இரத்தம் வருதல்
* ஈறு விளிம்பு சிவந்து உப்பியிருத்தல்
* நீங்காத வாய் நாற்றம்

முற்றிய நிலை அறிகுறிகள்:

* ஈறு கீழிறங்கிப் பற்கள் நீண்டது போல் தோன்றுதல்
* பற்களுக்கிடையே புதிதாக இடைவெளி தோன்றி உணவு சிக்குதல்
* ஈறை அழுத்தினால் சீழ் வருதல்
* பல் ஆடுதல், இடம் பெயர்தல், கடிக்கும் முறை மாறுதல்

ஈறு திடீரென வலித்து, பற்களுக்கிடையே உள்ள ஈறு புண்ணாகிச் சாம்பல் நிறப் படலத்துடன் கடும் நாற்றம் வீசினால் அது திசு அழிவுறும் ஈறு அழற்சியாக இருக்கலாம். இதற்கு உடனடிச் சிகிச்சை தேவை. முகவீக்கம், காய்ச்சல், விழுங்குவதில் சிரமம் ஆகியவையும் அவசர நிலையைக் குறிக்கும். இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத ஈறுப் புண்ணை வாய்ப் புற்றுநோயாக இருக்கக் கூடுமா என மருத்துவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும்.

நோயறிதல்

மில்லிமீட்டர் அளவு குறிக்கப்பட்ட மெல்லிய கருவியை ஈற்றிடுக்கில் மெதுவாகச் செலுத்தி, ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் ஆழம் அளக்கப்படுகிறது. 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள ஆழம், குறிப்பாக இரத்தக் கசிவுடன் இருந்தால், கவனத்திற்குரியது. ஈறு கீழிறங்கிய அளவும், பல் ஆடும் அளவும் பதிவு செய்யப்படும். எலும்பு எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை ஊடுகதிர்ப் படம் காட்டும்.

2017 இல் நடைபெற்ற உலகளாவிய பயிலரங்கில் உருவாக்கப்பட்டு 2018 இல் வெளியான வகைப்பாட்டின்படி, பல்சூழ் திசு அழற்சி இழப்பின் அளவையும் சிகிச்சையின் சிக்கலையும் கொண்டு நான்கு நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. பற்களுக்கிடையே ஈறிணைப்பு இழப்பு 1-2 மில்லிமீட்டராயின் முதல் நிலை, 3-4 மில்லிமீட்டராயின் இரண்டாம் நிலை. 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் ஆயின் மூன்றாம் அல்லது நான்காம் நிலை. நோயின் வேகம் தனியாக மூன்று தரங்களாகக் குறிக்கப்படுகிறது. புகைபிடித்தலும் நீரிழிவும் தரத்தை உயர்த்துகின்றன.

சிகிச்சை

பல்லீறு அழற்சிக்குப் பற்காரையை நீக்கிப் பற்களைத் தூய்மை செய்தலும், வீட்டில் முறையாகத் துலக்குதலும் பெரும்பாலும் போதுமானவை. பற்காரை நீக்கம் (ஸ்கேலிங்) அதிர்வுக் கருவியாலோ கைக்கருவிகளாலோ செய்யப்படுகிறது.

பல்சூழ் திசு அழற்சியில் ஈறுக்குக் கீழே வேரின் மேல் படிந்துள்ள பற்காரையும் நீக்கப்படுகிறது. இதற்கு அவ்விடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடப்படலாம். சில வாரங்கள் முதல் மூன்று மாதங்கள் வரை கழித்து ஈற்றுப் பைகள் மீண்டும் அளக்கப்படும். ஆழமான பைகள் எஞ்சியிருந்தால் ஈறை விலக்கி வேரை நேரில் கண்டு தூய்மை செய்யும் அறுவை சிகிச்சை மேற்கொள்ளப்படலாம். எலும்பு இழப்பின் வடிவம் பொருந்தும் சில இடங்களில் எலும்புத் துகள் அல்லது தடுப்புச் சவ்வு வைத்து இழந்த திசுவின் ஒரு பகுதியை மீட்க முயல்வதுண்டு. காப்பாற்ற இயலாத பற்கள் அகற்றப்படும்.

நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகள் தேர்ந்தெடுத்த சில நோயாளிகளுக்கு மட்டுமே தரப்படுகின்றன. பற்காரையை அகற்றாமல் மாத்திரை மட்டும் உட்கொள்வது நோயைத் தீர்க்காது. குளோர்ஹெக்சிடின் கலந்த வாய்க்கொப்புளிப்பான் குறுகிய காலத்திற்குப் பரிந்துரைக்கப்படலாம். நீண்ட நாள் பயன்படுத்தினால் பற்களில் பழுப்புக் கறை படியும்.

நோய் அடங்கிய பின்னரும், நிலைமைக்கேற்ப மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தொடர் பராமரிப்பு தேவை. இதைக் கைவிடுவோருக்கு நோய் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு அதிகம்.

தவறான கருத்துகள்

"இரத்தம் வந்தால் அவ்விடத்தைத் துலக்கக் கூடாது" என்பது பரவலான எண்ணம். உண்மையில் துலக்காமல் விடுவதால் பற்படலம் பெருகி அழற்சி கூடுகிறது. மென்மையான துலக்கியால் தொடர்ந்து தூய்மை செய்தால் கசிவு பொதுவாகச் சில நாட்களில் குறையும். ஓரிரு வாரங்களில் குறையாவிடில் பல் மருத்துவரை அணுக வேண்டும்.

"பற்காரையை நீக்கினால் பற்கள் ஆடும்" என்பதும் தவறு. எலும்பு கரைந்த பற்களைச் சுற்றிப் பெரும் பாளமாகப் படிந்த பற்காரை அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கலாம். அதை அகற்றியதும் முன்பே இருந்த ஆட்டம் வெளிப்படுகிறது. வீக்கம் வடிந்ததும் இடைவெளி தோன்றுவதும், சில நாட்கள் பற்கூச்சம் இருப்பதும் இவ்வெண்ணத்தை வலுப்படுத்துகின்றன.

"வயதானால் பல் விழுவது இயல்பு" என்பதும் சரியன்று. வயதுடன் பெருகுவது பெரும்பாலும் சிகிச்சை பெறாத நோயின் விளைவே ஆகும்.

தடுப்பு

* நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம், ஃபுளோரைடு உள்ள பற்பசையால் துலக்குதல். மென்மையான தூரிகையை ஈறு விளிம்பை நோக்கி ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் வைத்து மெதுவாக அசைக்க வேண்டும்.
* துலக்கி நுழையாத பல்லிடுக்குகளை நாள்தோறும் தூய்மை செய்தல். இடைவெளி உள்ள இடங்களில் பல்லிடைத் தூரிகையும், நெருக்கமான இடங்களில் பல்லிழையும் பொருந்தும்.
* செங்கல் தூள், கரித்தூள் போன்ற, பல்லையும் ஈறையும் தேய்க்கும் பொருட்களைத் தவிர்த்தல்.
* புகையிலையை எவ்வடிவிலும் கைவிடுதல்.
* நீரிழிவைக் கட்டுப்பாட்டில் வைத்தல். நீரிழிவு இருப்பதைப் பல் மருத்துவரிடம் தெரிவித்தல்.
* வலி இல்லாவிடினும் குறித்த கால இடைவெளியில் ஈறுகளைப் பரிசோதித்துக் கொள்ளுதல். கருவுற்ற காலத்திலும் பற்காரை நீக்கம் பாதுகாப்பாகச் செய்யப்படக் கூடியதே.