அச்சமின்றி நுழையும் வாயில்: பழங்குடி மக்களும் மருத்துவமனையும்

ஆந்திரம், தமிழகம், கருநாடகம் ஆகிய மூன்றும் கூடும் எல்லையோரத்தில் அமைந்த குடுபல்லி, குப்பம் வட்டாரத்தை உள்ளடக்கிய சித்தூர் மாவட்டத்திலும் அதனை அடுத்த திருப்பதி மாவட்டத்திலும் வாழும் பழங்குடியினருள் யானாதியரும் எருகலரும் குறிப்பிடத்தக்கவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அன்று பிரிக்கப்படாதிருந்த ஆந்திரத்தில் யானாதியர் மட்டுமே 5 லட்சத்துக்கு மேற்பட்டோர். எருகலரின் வீட்டு மொழியோ தமிழோடு நெருங்கிய உறவுடையது. பிறப்பை வைத்தே ஒரு சமூகத்தாரைக் குற்றவாளிகளாகப் பதிந்து, காவல்துறையின் கண்காணிப்பில் வைத்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வடநாட்டில் தொடங்கி 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தபோது, எருகலரும் அதன் பிடியில் சிக்கினர். 1952-இல் அச்சட்டம் நீங்கினாலும், சீருடைக்காரர் நிற்கும் வாயிலையும், ஊர் பேர் கேட்டு எழுதும் மேசையையும் கண்டு ஒதுங்கும் மனநிலை ஓரிரு தலைமுறையில் மறைந்துவிடக் கூடியதன்று. அரசு மருத்துவமனையின் முகப்பில் இவ்விரண்டுமே முதலில் எதிர்ப்படுகின்றன என்பதை மருத்துவத் திட்டம் தீட்டுவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வகையில் மகாராட்டிரத்தின் கட்சிரோலி காட்டிய வழி முன்மாதிரியானது. அங்கு 1986-இல் 'சர்ச்' என்னும் அமைப்பை நிறுவிய மருத்துவர்கள் அபய் பங்க், ராணி பங்க் இருவரும், கோண்டுப் பழங்குடி மக்கள் ஏன் மருத்துவமனைக்கு வருவதில்லை என்று அம்மக்களிடமே கேட்டனர். பெரிய கட்டடத்துக்குள் வழி தெரிவதில்லை; பேசும் மொழி புரிவதில்லை; நோயாளியை உறவினரிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள்; பிணத்துக்குப் போர்த்தும் வெள்ளைத் துணியை மருத்துவரும் செவிலியரும் உடுத்தியிருக்கிறார்கள்; அங்கே தெய்வமும் இல்லை என்று விடைகள் வந்தன. இவற்றை அறியாமை என்று ஒதுக்காமல், இவற்றையே கட்டடத்தின் வரைபடமாகக் கொண்டனர். உறவினர் உடன் தங்கக் குடில்கள் அமைந்தன. அம்மக்கள் வழிபடும் தந்தேசுவரித் தாய்க்குக் கோயில் எழுந்தது. மருத்துவமனையும் அத்தாயின் பெயரையே ஏற்றது.

எனினும் குடிலும் கோயிலும் மட்டுமே ஓரிடத்தை மக்களுடையதாக்கிவிடா. உள்ளே பணியாற்றுவோர் யார் என்பது அதனினும் முதன்மையானது. தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா இணையர் 1993-இல் ஒரு கூரைக் கொட்டகையில் தொடங்கிய மருத்துவமனையில், அவ்வூர்ப் பழங்குடிப் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியராயினர். நீலகிரியின் கூடலூரிலும் 1990-இல் எழுந்த ஆதிவாசி மருத்துவமனை, பணியர், காட்டுநாயக்கர் உள்ளிட்ட சமூகங்களின் பெண்களைச் செவிலியராக வளர்த்தெடுத்தது. பிரசவ வலியில் வரும் பெண்ணுக்குத் தன் பேச்சிலேயே ஆறுதல் சொல்ல ஒருத்தி இருப்பது எந்த அலங்காரமும் ஈடாகாத வசதி.

பழங்குடியினரின் மருத்துவ அறிவை மதிப்பது என்றால், பாம்புக்கடிக்குப் பச்சிலையே போதும் என்று விட்டுவிடுவதாகாது. நச்சுமுறி மருந்து காலந்தாழ்த்தாமல் ஏற்றப்பட்டாக வேண்டும். ஆனால் அந்த மருந்தின் பிறப்பையும் அறிதல் தகும். சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் உருவான இருளர் பழங்குடியினரின் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அந்த நஞ்சைச் சிறு அளவில் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தே மருந்து உருவாகிறது. தடம் பார்த்துப் பொந்தை அறியும் இருளரின் திறமை இல்லையேல் நாட்டின் மருந்துக் குப்பிகள் பல நிரம்பா. அத்திறமைக்காகவே 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. குப்பம் பகுதி மருத்துவமனைகளின் சுவர்களில் இச்செய்தி தெலுங்கிலும் தமிழிலும் படங்களோடு இடம்பெற வேண்டும். எழுத்தறியாத யானாதி முதியவர் அங்கே தம்மைப் போன்ற ஒருவரின் முகத்தைக் காணவும், அவரை முதலில் விசாரிக்கும் பணியில் ஒரு யானாதிப் பெண் அமரவும் வழிசெய்வது மாவட்ட நிர்வாகத்தின் கைக்கெட்டிய செயல்களே.