பூசி மறைத்தால் போதுமா?

1956 ஜூலை 4. யு-2 உளவு விமானம் முதன்முறையாக சோவியத் வான்வெளிக்குள் நுழைந்தது. ஏறத்தாழ 70,000 அடி உயரத்தில் போவதை ரேடார் சரியாகப் பின்தொடர முடியாது என்பது சி.ஐ.ஏ.வின் கணக்கு. ஒரு வாரத்துக்குள் மாஸ்கோவின் கண்டனக் கடிதம் வந்துவிட்டது. விமானத்தின் வகையைத்தான் தவறாகச் சொல்லியிருந்தார்கள்; வந்த வழி அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதிபர் ஐசன்ஹோவருக்கு எரிச்சல். ரேடாருக்குத் தெரியாமல் செய்ய வழி பாருங்கள் என்றார். 'ரெயின்போ' திட்டம் பிறந்தது. கையில் இருந்த விமானத்துக்கே ஒட்டுப்போடும் வேலைதான். இறக்கைகளைச் சுற்றிக் கழிகளை நிறுத்தி, ஃபெரைட் மணிகள் கோத்த கம்பிகளைக் கட்டினார்கள். மொட்டைமாடியில் துணிக்கொடி கட்டியதுபோல் இருந்திருக்கும். இன்னொரு முறையில், உடல்பகுதியின் மேல் அலைகளை உறிஞ்சும் பிளாஸ்டிக் உறையை ஒட்டினார்கள்.

அந்த உறை ஓர் உயிரை வாங்கியது. 1957 ஏப்ரலில் லாக்ஹீட் நிறுவனத்தின் சோதனை விமானி ராபர்ட் சீக்கர் நெவாடா மேல் பறந்தார். எஞ்சின் சூட்டை உறை வெளியே விடவில்லை. எஞ்சின் அணைந்தது. காற்றழுத்தம் குறைந்த நேரம் பார்த்து ஹெல்மெட்டின் முகக்கண்ணாடி திறந்துகொள்ள, அவர் நினைவிழந்தார், பிழைக்கவில்லை. கூடுதல் எடையால் பறக்கும் உயரமும் தூரமும் குறைந்ததுதான் மிச்சம். 1958-இல் கைவிட்டார்கள்.

லாக்ஹீடின் கெல்லி ஜான்சன் அடுத்து வடிவமைத்த ஏ-12 உளவு விமானத்தில்தான் விஷயம் தலைகீழானது. மேலே எதையும் ஒட்டவில்லை. உறிஞ்சும் பொருளே விமானத்தின் அங்கமாயிற்று. இறக்கை விளிம்பு நெடுகிலும் டைட்டானியத்தில் ரம்பப் பல் வெட்டுகள். இடைவெளிகளில் தேன்கூட்டு அமைப்புள்ள பிளாஸ்டிக் முக்கோணங்கள். உள்ளே புகும் ரேடார் அலை பல்லுக்குப் பல் மோதி, ஒவ்வொரு மோதலிலும் வலுவிழக்கும். ஒலியைப் போல் மும்மடங்கு வேகத்தில் விளிம்பு கொதிக்கும். சாதாரணப் பிளாஸ்டிக் உருகிவிடும். சூட்டைத் தாங்க வேண்டும், காற்றின் விசையைத் தாங்க வேண்டும், அலையையும் விழுங்க வேண்டும். ஒரே பொருளிடம் இத்தனையையும் கேட்டதுதான் ஜான்சன் குழுவின் உண்மையான துணிச்சல் என்பேன். வேகத்தைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள்.

1962 ஏப்ரலில் ஏ-12 முதலில் பறந்தது. ஆனாலும் முழுக்க மறையவில்லை. 1967 அக்டோபர் 30 அன்று வடவியட்நாம் மேல் சென்ற ஏ-12 மீது ஏவுகணைகள் பாய்ந்தன. விமானம் பத்திரமாகத் தளம் திரும்பியது. பரிசோதித்தபோது இறக்கைக்கும் உடலுக்கும் இடைப்பட்ட பகுதியில் ஓர் உலோகத் துண்டு குத்தி நின்றது.

(தொடரும்)