பாம்பணை: சில குறிப்புகள்

ட்ராகனுக்குத் தமிழில் வார்த்தை கிடையாது. விவிலியத்தைத் தமிழில் கொண்டுவந்தவர்கள் வெளிப்படுத்தின விசேஷத்துக்கு வந்தபோது ‘வலுசர்ப்பம்’ என்று ஒன்றைச் செய்துகொண்டார்கள். நல்ல சொல்தான், ஆனால் அது சாத்தானின் பெயர். பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் எதிர்த்திசையில் போனார்கள். ‘நாக’ என்று வந்த இடங்களில் தங்கள் ‘லுங்’கைப் போட்டார்கள். மழை தருவது, நீர்நிலைகளைக் காப்பது அவர்களுடைய லுங். இங்கிருந்து கிழக்கே போன பாம்பு நல்ல ட்ராகன் ஆயிற்று. மேற்கிலிருந்து இங்கே வந்த ட்ராகன் கெட்ட பாம்பு ஆயிற்று. அகராதிக்காரன் செய்கிற காரியம் சில சமயம் தீர்ப்பாகிவிடுகிறது.

இதை யோசிக்கவைத்தது ஒரு விளையாட்டு. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதையை நடத்திக்கொண்டு போவது. அதில் ட்ராகன்கள் நிறத்தால் பிரிக்கப்பட்டிருக்கின்றன: கறுப்பு, சிவப்பு, பச்சை எல்லாம் தீயவை, பொன், வெள்ளி, செம்பு எல்லாம் நல்லவை. நல்லவற்றுக்கு அரசன், பிறகு தெய்வம், ஒரு ப்ளாட்டின ட்ராகன். 1975இல் பெயரில்லாமல் வந்தான். 1977இல் ‘பஹாமுத்’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் அரபியிலிருந்து வந்தது. அரபிப் பிரபஞ்ச வர்ணனைகளில் பஹாமுத் ட்ராகன் அல்ல, மீன். பூமியை ஒரு தேவதூதன் தாங்குகிறான், அவன் காலடியில் பாறை, பாறைக்குக் கீழே காளை, காளைக்குக் கீழே இந்த மீன். போர்ஹெஸ் 1957இல் தொகுத்த கற்பனை விலங்குகளின் கையேட்டில் இது உண்டு. நம்மில் பலர் அதன் மூலமாகத்தான் இந்த மீனை அறிந்தோம். உலகைத் தாங்குகிற வேலை பறிபோய், சிறகும் அரண்மனையும் கிடைத்தன அதற்கு.

உலகைத் தாங்குகிற வேலையை இன்னும் விடாத ஒருவன் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறான். மண்ணச்சநல்லூரை நடுவில் வைத்துக்கொண்டால் தெற்கே கொள்ளிடம் தாண்டி ஸ்ரீரங்கம், துறையூர் சாலையில் திருவெள்ளறை, சிறுகனூரை அடுத்துத் திருப்பட்டூர். மூன்றிலும் ஆதிசேஷன். மூன்றிலும் வேறு வேறு உருவில்.

சரித்திரத்தில் இவன் முதலிலேயே படுக்கையாக இருக்கவில்லை. மதுராவுக்கருகே சர்காவ்னில் கிடைத்த, குஷாண ஹுவிஷ்கன் காலத்து நாகம் ஆளுயரத்துக்கு மேல், தனியாக, யாருக்கும் கீழே இல்லாமல், கையை உயர்த்தி நிற்கிறது. வணங்கப்பட்ட தெய்வம் அது. ஐந்தாம் நூற்றாண்டு உதயகிரியில் விஷ்ணு பாம்பின்மேல் சாய்ந்துவிட்டார். பிறகு தேவ்கட், ஏழாம் நூற்றாண்டில் மாமல்லபுரம். நின்றவன் படுத்தான் என்பதுகூட இல்லை, படுக்கை ஆனான். பழைய நாக வழிபாட்டைப் பெருஞ்சமயம் விழுங்கிச் சீரணித்த கதை இது என்று சொல்வது சுலபம், பெருமளவு உண்மையும்கூட. அரசும் வேம்பும் பின்னிய மேடைகளில் மஞ்சள் அப்பிக் கிடக்கும் நாகக்கற்கள் சீரணமாகாமல் மிஞ்சியவை. ஆனால் விழுங்கப்பட்டது விழுங்கியதை என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டாமா?

மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் சேஷன் கத்ருவின் மூத்த மகன். தம்பிகளின் குரோதம் பொறுக்காமல் பிரிந்து போய்த் தவம் இருக்கிறான். வரம் கேள் என்று பிரம்மன் சொன்னபோது, தன் மனம் அறத்தில் நிலைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறான். அப்படியானால் ஆடுகிற பூமியைத் தாங்கு என்கிறான் பிரம்மன். பிறப்பால் விஷம், விருப்பத்தால் நன்மை. ப்ளாட்டின ட்ராகனுக்கு இந்தச் சிரமம் இல்லை. அவன் நிறமே அவன் குணம். அந்த விளையாட்டின் உலகில் நல்லவனாகப் பிறந்துவிட்டால் போதும்.

திருமெய்யத்துக்குப் போய்வந்தால் இது இன்னும் துலங்கும். புதுக்கோட்டைக்குத் தெற்கே, மலையைக் குடைந்து செய்த பள்ளிகொண்ட பெருமாள். தலபுராணம் இது: பெருமாள் யோகநித்திரையில் இருக்கையில் மதுவும் கைடபனும் தேவியரைக் கவர வருகிறார்கள். தூங்குகிறவரை எழுப்ப மனமில்லாமல் சேஷன் தானே விஷஜ்வாலையைக் கக்கி அவர்களை விரட்டுகிறான். சுவரில் அந்த நெருப்பு செதுக்கப்பட்டிருக்கிறது. மேற்கத்திய ட்ராகனின் தீமூச்சேதான், ஆனால் காப்பதற்காக. அதோடு நின்றிருந்தால் சாதாரணக் கதை. அனுமதியில்லாமல் செய்துவிட்டோமே என்று சேஷன் பயந்து படங்களைச் சுருக்கிக்கொள்கிறான். பெருமாள் கை நீட்டி அவனைத் தட்டிக்கொடுக்கிறார். தான் செய்த நல்லதைப் பற்றியே நடுங்குகிற ஒரு ட்ராகனை வேறெங்கும் நான் சந்தித்ததில்லை.

திருப்பட்டூர் பிரம்மபுரீசுவரர் கோயிலில் பதஞ்சலியின் சமாதி என்று ஓர் இடம் காட்டுகிறார்கள். பதஞ்சலி சேஷனின் அவதாரம். சிதம்பரத்தில் ஆயிரம் மாணவருக்குத் திரைக்குப் பின்னாலிருந்து வியாகரணம் சொன்னார். ஆயிரம் வாயால் ஒரே சமயத்தில் ஆயிரம் பேருக்கும். திரையை விலக்கக்கூடாது என்பது நிபந்தனை. ஒருவன் விலக்கினான். மூச்சுப் பட்டு மாணவர்கள் சாம்பலானார்கள், வெளியே போயிருந்த ஒருவனைத் தவிர. ராமபத்ர தீட்சிதர் இதைப் ‘பதஞ்சலி சரித’மாக எழுதினார். இதில் கோபமோ தண்டனையோ இல்லை. சொல்லிக்கொடுக்கிற வாயும் எரிக்கிற வாயும் ஒன்று, அவ்வளவுதான். விமர்சகர்களாகிய நமக்கு இந்தக் கதை கொஞ்சம் உறுத்தத்தான் வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் சேஷன் சுதையாலான பெரிய பெருமாளின் கீழே சுருண்டிருக்கிறான். இருவருக்கும் திருமஞ்சனம் இல்லை, தைலக்காப்புத்தான். பொய்கையாழ்வார் ஒரு வெண்பாவில் அவனுடைய ஊழியங்களை அடுக்கியிருக்கிறார்: குடை, ஆசனம், பாதுகை, விளக்கு, அணை. இதை அடிமைத்தனத்தின் பட்டியல் என்று வாசிக்கலாம், ஒரு காலத்தில் அப்படித்தான் வாசித்தேன். இந்த மரபில் நன்மை என்றாலே கீழ்ப்படிதல் ஆகிவிடுகிறதே என்ற சந்தேகம் எனக்கு இன்னும் முழுக்கப் போகவில்லை. ஆனால் அதே மரபுதான் 1017இல் பிறந்ததாகச் சொல்லும் இராமானுசரைச் சேஷனின் அவதாரம் என்றது. வீட்டில் இட்ட ‘இளையாழ்வார்’ என்ற பெயரும் லக்ஷ்மணனைக் குறிப்பது, லக்ஷ்மணனும் சேஷன். கோயில் நிர்வாகத்தைத் திருத்தி அமைத்தவரை, திருக்கோஷ்டியூரில் ரகசியத்தை ஊருக்குச் சொல்லிவிட்டதாகக் கதை உள்ளவரை, படுக்கையின் அவதாரம் என்று சொல்வதில் யாருக்கும் முரண் தெரியவில்லை. அனுமதியில்லாமல் நெருப்புக் கக்கிய திருமெய்யத்துப் பாம்பை வைத்துப் பார்த்தால் முரண் இல்லைதான்.

திருவெள்ளறைக்குப் போகிறவர்கள் ஸ்வஸ்திகக் கிணற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கர்ப்பக்கிருகத்தில் புண்டரீகாக்ஷர் நின்ற கோலம். அங்கே சேஷன் பாம்பாக இல்லை, மனித உருவில் நிற்கிறான். கருடனும் அப்படியே, மனித உருவில். கத்ருவின் மகனும் வினதையின் மகனும். ஆதிபர்வத்தில் பிரம்மன் பூமியைச் சேஷன் தலையில் வைத்த கையோடு அவனுக்குத் துணையாக ஒருவனைக் கொடுக்கிறான். அது கருடன்.