எழுவானும் படுவானும்



அண்மையில் விடுமுறைக்கு ஊர் வந்திருந்த என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். பல ஆண்டுகளாகச் சுவிற்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரில் வாழ்பவர் அவர். அந்நகரின் படங்கள் சிலவற்றைக் காட்டினார். ஏறக்குறைய 580 சதுரக் கிலோமீற்றர் பரந்த ஏரி, அதன் தென்மேற்கு மூலையிலே, உரோன் நதி ஏரியை விட்டு வெளியேறும் வாயிலில் அமைந்த நகரம், 140 மீற்றர் உயரம் பாயும் நீரூற்று, கரையெங்கும் மாடமாளிகைகள். எல்லாவற்றையும் காட்டிவிட்டு அவர் கேட்டார்: "ஐயா, எங்கள் மட்டக்களப்பும் வாவிக்கரை நகரந்தானே? அவர்களுக்கு வாய்த்த செழிப்பு எங்களுக்கு ஏன் வாய்க்கவில்லை?"

அன்று அவருக்கு நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. இன்று அந்த வினாவையே உங்கள் முன் வைத்துச் சிறிது சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில், ஒரு விருந்தினரின் கண்ணோடு நம் நகரைப் பார்ப்போம். வாவியின் நடுவே புளியந்தீவு. அதன் ஓரத்தில் நான்கு கொத்தளங்களோடு கூடிய கோட்டை. அதன் இருபுறம் வாவி. மற்றை இருபுறம் அகழி. அக்கோட்டையினுள்ளே நெடுங்காலம் கச்சேரி நடைபெற்றது. கிழக்கே கல்லடிப் பாலம். பிரித்தானியர் காலத்துப் பழைய இரும்புப் பாலத்தின் அருகே 2013ஆம் ஆண்டில் புதிய பாலம் எழுந்தது. வடக்கே வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரம். அதனை அடுத்த பாலமீன்மடுவில் 1913ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம். வருகின்றவர் கண்டு மகிழ்வதற்குக் குறையொன்றுமில்லை.

விருந்தினர் இந்நகருக்குப் புதியவருமல்லர். 1602ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒல்லாந்தக் கப்பற்றலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் இக்கரையோரம் நங்கூரமிட்டார். இங்கிருந்தே கண்டி அரசர் முதலாம் விமலதர்மசூரியரைக் காணச் சென்றார். அடுத்த ஆண்டு வந்த செபால்ட் டி வேர்ட் அதே அரசரோடு பிணங்கி, தம் வீரர் பலரோடு மட்டக்களப்பிலே உயிரிழந்தார். 1628இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். 1638ஆம் ஆண்டு மே 18ஆம் திகதி தளபதி வெஸ்டர்வோல்டும் இரண்டாம் இராசசிங்கரும் சேர்ந்து அக்கோட்டையைக் கைப்பற்றினர். ஐந்து நாள் கழித்து இங்கேயே ஓர் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. கைப்பற்றும் கோட்டைகளில் அரசர் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தர் படை நிறுத்தலாம் என்னும் கருத்துடைய சொற்கள் ஒல்லாந்தர் படியிலே விடுபட்டிருந்தன. அச்சில சொற்களின் குறைவே பின்னர் நேர்ந்த நீண்ட பகைமைக்கு ஒரு வித்தாயிற்று. இலங்கையின் தலைவிதியை மாற்றிய ஓர் ஏடு நமது வாவியின் நடுவிலே எழுதப்பட்டது என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

1795இல் பிரித்தானியர் வந்தனர். 1814இல் மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் வந்து கல்விப் பணியைத் தொடங்கினார். 1848இல் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் ரெனன்ற், வாவியிலே தோணி விட்டு, நீரின் அடியிலிருந்து எழும் இன்னொலியைக் கேட்டார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தடவினாற்போன்ற ஒலி என்று அவர் தம் நூலிலே குறித்துவைத்தார். மீனவர்களோ அது ஊரி என்னும் சிப்பியின் ஓசை என்று அவருக்குக் கூறினர். மீன் பாடுகிறதா, ஊரி பாடுகிறதா என்னும் வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

இனி, நேயர்களே, ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் அனைவரும் கடல்வழி வந்தவர்கள். இவர்கள் எழுதிய வரலாறு கோட்டையைச் சுற்றியே சுழல்கின்றது. ஆனால் நம் வாவிக்குக் கரை இரண்டு. ஏறக்குறைய 35 மைல் நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பின் கிழக்குக் கரை, சூரியன் எழும் பக்கமாதலின் எழுவான்கரை. மேற்குக் கரை, சூரியன் படும் பக்கமாதலின் படுவான்கரை. எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலம். அங்கே தமிழூரும் முசிலிம் ஊரும் ஒன்றையடுத்து ஒன்றாக நெருங்கி நிற்கின்றன. கடையும் கல்லூரியும், தறியும் தென்னந்தோட்டமும் அங்கேயுள்ளன. படுவான்கரையோ வயல் நிலம். நெல்லும் எருமைத் தயிரும் அங்கிருந்தே வந்தன.

எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் உடைய போடிமார் பலர் இருந்தனர். விதைப்புக் காலத்தில் தோணியேறிச் சென்று, வேளாண்மை வெட்டிச் சூடடித்தபின் நெல்மூடையோடு திரும்புவர். கொக்கட்டிச்சோலைத் தேரோட்டத்திற்கு மண்முனைத் துறையாலும், மண்டூர் முருகன் திருவிழாவிற்குக் குருமண்வெளித் துறையாலும் எழுவான்கரையோர் கடந்து சென்றனர். நகரின் அடுப்பில் வெந்த சோறு அக்கரைச் சோறு. ஆயினும் நகரைப் புகழ்ந்தெழுதிய விருந்தினரின் ஏடுகளில் அக்கரைக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது.

அக்கரை மக்கள் வரலாறு அற்றவரா? அல்லர். அவர்களின் வரலாறு வேறு வடிவில் உள்ளது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயிலை இடிக்க வந்த அந்நியத் தலைவன் முன்னே கல் நந்தி எழுந்து புல் உண்டது என்பது அங்கு வழங்கும் கதை. கல் புல்லுண்ணுமா என்று வினவுவது எளிது. ஆனால் படையெடுத்து வந்தவனை நம் முன்னோர் எவ்வாறு நோக்கினர் என்பதை அறிய, கோட்டையின் ஏடுகள் நமக்கு உதவமாட்டா. அந்தக் கதையே உதவும். வைகாசித் திங்களில் கண்ணகியம்மன் கோயில்களில் நிகழும் சடங்கும், தாய்வழியாய் வரும் குடிமுறையும் அத்தகைய ஏடுகளே. பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964ஆம் ஆண்டில் 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலை வெளியிட்டபோது, இத்தகைய செல்வங்களை அழியாமற் காத்தார். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1929இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். யாழ் நூலைத் தந்து 1947இல் மறைந்தார். இவர்கள் நம்மை நாமே பார்க்கக் கற்பித்தவர்கள்.

இப்பொழுது மாணவரின் வினாவிற்கு மீள்வோம். ஜெனீவாவை வளர்த்தது ஏரியன்று. பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சில் சமயக் கொடுமைக்கு ஆளாகி ஓடிவந்தோர்க்கு அந்நகர் கதவைத் திறந்தது. வந்தவருள் கைவினைஞர் பலர் இருந்தனர். 1601ஆம் ஆண்டளவில் அங்கே மணிக்கூடு செய்வோர்க்குச் சங்கம் அமைந்துவிட்டது. அக்கரையிலிருந்து வந்தவரை ஏற்றதால் இக்கரை வளர்ந்தது. அந்த ஏரியும் ஒருகாலத்தில் நோயுற்றதுண்டு. கழிவுநீராலும் சவர்க்காரத் தூளின் பொசுபேற்றாலும் பாசி பெருகியது. கரையிலுள்ள இரு நாடுகளும் கூடி ஆணைக்குழு அமைத்தன. 1986இல் சுவிற்சர்லாந்து துணி வெளுக்கும் தூள்களில் பொசுபேற்றையே தடைசெய்தது. கரைகள் ஒன்றுபட்டதால் நீர் தெளிந்தது.

நமக்கு நேர்ந்ததோ இதன் மறுதலை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளியும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலையும் நம்மைச் சிதைத்தன. அவற்றினும் நீண்டது போர். அந்த ஆண்டுகளில் இரு கரையையும் இணைத்த வாவியே எல்லைக்கோடாயிற்று. துறைகள் வெறிச்சோடின, வயலுக்கும் வீட்டுக்கும் இடையே காவலரண்கள் நின்றன. ஊருக்கும் ஊருக்கும் இடையே ஐயமும் வளர்ந்தது. கரையும் கரையும் பிரிந்த இடத்திலே செழிப்பு எங்ஙனம் தங்கும்?

நான் பணிபுரிந்த பாடசாலையொன்றில் மாரிகாலத்து வரவுப் பதிவேட்டைப் புரட்டும்போது, ஒரே வரிசையாகச் சில பெயர்களின் எதிரே வராமைக் குறி இருக்கும். அவர்கள் சோம்பேறிகள் என்று தொடக்கத்தில் எண்ணினேன். அவர்கள் படுவான்கரைப் பிள்ளைகள் என்பதையும், வெள்ளமும் காற்றும் மிகுந்த நாளில் படகு ஓடாது என்பதையும் பின்னரே உணர்ந்தேன். இரண்டு மைல் தொலைவிலிருந்த கரையை நானும் ஒரு விருந்தினரைப் போலவே பார்த்திருக்கிறேன் என்று அன்று நாணினேன்.

2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. நன்று. ஆனால் பாலம் வண்டியைக் கடத்தும், நினைவைக் கடத்தாது. துறைகளிலே தோணி வலித்த முதியவர்கள் ஒவ்வொருவராய் மறைகின்றனர். எந்தக் காற்றிற்கு எந்தத் துறை பொருந்தும், மாரியில் ஆற்றுவாய் எப்போது வெட்ட வேண்டும், நிலாக்காலத்தில் மீனொலி எவ்விடத்தில் கேட்கும் என்பவற்றை அறிந்தவர் அவர்களே. அவர்தம் சொல்லை எழுதி வைக்காவிடின், நம் வாவியின் கதையை நாளையும் விருந்தினரே நமக்குச் சொல்வர்.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் கையில் ஒரு கொப்பியையும் பென்சிலையும் கொடுத்து, எதிர்க்கரையிலுள்ள ஒரு முதியவரிடம் அனுப்புங்கள். எழுவான்கரைப் பிள்ளை படுவான்கரைக்குச் செல்லட்டும். தமிழ்ப் பிள்ளை முசிலிம் ஊருக்கும், முசிலிம் பிள்ளை தமிழூருக்கும் செல்லட்டும். கேட்டதை எழுதி வரட்டும். மாணவரின் வினாவிற்கு முழு விடை அந்தக் கொப்பிகளிலேதான் சேரும் என்று நம்புகிறேன். விடுமுறைக்கு மீண்டும் வரும்போது அவரிடம் காட்ட என்னிடமும் அத்தகைய சில கொப்பிகள் இருக்கும்.